இலைக்குள் ஒரு முடி

ஆத்துல குளிச்ச ராஜகுமாரி
உதிர்ந்த ஒத்தை முடியை இலையில மடிச்சுத்
தண்ணியில விட்டா.
ஏழு ஊருக்குக் கீழே ஒரு ராஜகுமாரன்
அதை எடுத்தான், முழம் போட்டுப் பார்த்தான்,
'இந்த முடிக்காரியைக் கட்டலைன்னா சோறு இறங்காது'ன்னு
குப்புறப் படுத்துட்டான்.

முக்கூடல்ல நாங்க பீடி சுத்துற வளவுல
மாசம் ஒருதரம் இந்தக் கதை வரும்.
பிரம்மசக்தி மதினி எடுத்து விடுவா.
தங்கபுஷ்பம் ஒவ்வொரு தடவையும் கேப்பா:
'அது மாமியார் முடியா இருந்தா?'
மடியில சுளகு குலுங்கும்,
தூள் சிந்தும்.

போன தையில பாபநாசத்துல படம் பிடிச்சாக.
நீள முடி வேணும், முகம் வேண்டாம்.
தரகர் என் சடையை அளந்துட்டு
ஐநூறு ரூபாய்ன்னார்.
அன்னைக்குப் பீடிக்கு லீவு.

கண்ணாடி போட்ட தம்பி ஒருத்தன்
படிக்கட்டுல உக்காந்து கதை சொன்னான்:
'ஹீரோ பெங்களூர்ல வேலை பாக்கறான்.
லீவுக்கு வந்த இடத்துல
தண்ணியில ஒரு முடி மிதந்து வருது.
யாருமே யோசிக்காதது அக்கா.'

நான் தலையாட்டினேன்.
ராஜகுமாரன் கையில லேப்டாப்.
ஏழு கடலுக்குப் பதிலா ரெண்டு பிளைட்.
கிளிக்குள்ள உசுரை ஒளிச்சு வச்ச அரக்கன்
ஸ்கார்ப்பியோவுல வாற தாய்மாமன்.
பட்டினி கிடக்குறதுக்குப் பதிலாத் தாடி.
படுக்கை மட்டும் அதே படுக்கை,
அதே குப்புற.
'அந்தப் புள்ள என்ன சொல்லுதா?'ன்னு கேட்டேன்.
'அவங்க இன்டர்வெல்லுக்கு அப்புறம்தான்க்கா
பேசுவாங்க.'

கேமராவுக்கு முதுகு காட்டி
ஈரத் துணியோட ஒரு மணி நேரம் தலை சீவினேன்.
கண்ணாடிக்குள்ள இருந்த கதாநாயகி
கேரவனை விட்டு இறங்கவே இல்லை.

பிறகுதான் சிக்கல்.
பூவரசிலையில முடியை மடிக்கணும்.
நாலு பேர் மடிச்சாக,
தண்ணி தொட்டதும் வாயைப் பிளந்துருச்சு.
பசை வச்சாக. ஊசி குத்தினாக.
வெயில் போகுதுன்னு ஒருத்தர் கத்தினார்.

'ஒரு கத்திரி தாங்க'ன்னேன்.
ஓரம் நறுக்கி, நரம்பைத் தட்டி,
முடியைச் சுருட்டி உள்ள வச்சு
நகத்தால வாயை மடக்கினேன்.
போச்சு இலை,
கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி.

'ஒன் மோர்'ன்னாக.
பன்னிரண்டு இலை.
ஒண்ணைத்தான் ஹீரோ எடுத்தான்.
மத்த பதினொண்ணும் என் முடியோட
கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போயிருக்கும்,
தட்டாம இருந்தா எங்க ஊர்ப் படித்துறைக்கும்.
யார் குளிச்சுக்கிட்டு இருந்தாகளோ.

எங்க வீட்டுக்காரர் பலவேசம்
பீடிக்கடையில செக்கர்.
கல்யாணத்துக்கு முந்தி, முதல் நாள்
என் நாப்பது கட்டுல ஏழைக் கழிச்சாக.
சண்டைக்குப் போனேன்.
ஒரு பீடியை வெளிச்சத்துல பிடிச்சு
'வாய் மடக்கு நல்லாத்தான் இருக்கு,
இலைதான் மோசம்'ன்னாக.
காத்தும் அடிக்கலை,
எந்தத் துப்பட்டாவும் பறந்து வந்து
எங்க முகத்துல விழலை.
பாஸ்புக்குல 'மு. முத்துமாலை, 33'ன்னு எழுதினாக.
அந்தக் கையெழுத்தை நான்
வீட்டுக்குப் போய் ரெண்டுதரம் பார்த்தேன்.

அம்பாசமுத்திரத்துல படம் வந்தது.
இலையைப் பத்தி அவுககிட்ட மூச்சு விடலை,
முடி காட்டுவாகன்னு மட்டும் சொல்லியிருந்தேன்.
திரை நீளத்துக்கு என் கூந்தல்.
முன்வரிசைப் பயலுவ விசில்.
அவுக முறுக்கு மென்னுக்கிட்டு இருந்தாக.
அப்புறம் இலை வந்தது. நாலு நொடி.
மெல்றது நின்னுச்சு.
'ஏட்டி,
அந்த வாய் மடக்கு உன்னுதுல்லா?'

திரையில அந்தப் பையன்
இலையைப் பிரிச்சுத் தூரப் போட்டுட்டு
முடியைக் கன்னத்துல வச்சுக்கிட்டான்.
வயலின் அழுதது.
நான் இருட்டுல பேசாம இருந்தேன்.

மறுநாள் கடைக்கு நாப்பது கட்டு கொண்டு போனேன்.
ரெண்டைக் கழிச்சாக.